பின்னால் நடந்தவர்

பண்ணையின் இரும்புக் கதவைச் சாத்திவிட்டு, சரளைப் பாதையில் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். தோளில் பை. பள்ளத்தாக்கின் அடியில் பெரிய வீதி, அங்கே பஸ் தரிப்பிடம். கொஞ்சத் தூரம் போனதும் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் கல்லில் உரசும் றப்பர் சப்பாத்துச் சத்தம்.

"அண்ணை, மாட்டைக் கொண்டு திரும்பிப் போங்கோ. நான் போறன்."

"போங்கோ. நான் மறிக்கேல்லை."

"அப்ப ஏன் வாறியள்?"

"ஒராள் போகேக்க பின்னுக்கு ஒராள் வரவேணும்."

நாங்கள் பேசியது ஜெர்மன். இரண்டு பேருக்கும் அரைகுறை. அவர் திபெத்துக்காரர், நான் யாழ்ப்பாணத்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதும்போது தனக்குத் தெரிந்த பேச்சில்தான் எழுத முடியும். அதனால் அவரும் இங்கே என் பேச்சில்தான் பேசுவார். 'அண்ணை' என்ற சொல்லை மட்டும் அவருக்கு உண்மையாகவே தமிழில் சொன்னேன். வயதில் மூத்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் யாருக்கும் முன்னால் நடந்து நான் பார்த்ததில்லை.

முதலில் அவரைக் கண்டது ஹம்பேர்க்கில். பொதிகள் பிரிக்கும் கிடங்கு ஒன்றில் இரண்டு பேரும் பொதிகள் ஓடிவரும் ஒரே பட்டிக்கு முன்னால் நின்றோம். வேலை முடிந்ததும் எல்லோரும் எஸ்-பான் தரிப்புக்கு ஓடுவோம். ரயில் வந்தால் இடித்துக்கொண்டு ஏறுவோம். அவர் மேடையில் நின்று எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தெரியாத கிழவி, சைக்கிள்காரன், நாயோடு வந்தவள் எல்லோரும் ஏறி முடியவேண்டும். அதற்குள் கதவு மூடிவிடும். கண்ணாடிக்கு வெளியே அவர் நிற்பார், ரயில் எங்களைக் கொண்டு போகும். காலையிலும் இதே கதைதான். பிந்தி வந்ததற்கு மேற்பார்வையாளன் ஏசினால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

"அண்ணை, இது ஆட்டுப்பட்டி இல்லை. ஆரும் துலைய மாட்டினம்" என்று ஒருநாள் சொன்னேன்.

"துலைஞ்சது பின்னுக்கு நிக்கிறவனுக்குத்தான் தெரியும். முன்னுக்குப் போறவனுக்கு எப்படித் தெரியும்?"

நான் எப்போதும் முன்னுக்குப் போகிறவன். டுசல்டோர்ஃபில் உணவகக் குசினி, பிறகு அஸ்பாரகஸ் தோட்டம், கட்டட வேலை, பத்திரிகை போடுதல் என்று ஒரு இடத்திலும் இரண்டு குளிர்காலம் இருந்ததில்லை. கால் அரிக்கத் தொடங்கினால் பையைக் கட்டிவிடுவேன். விட்டுவந்த இடத்தில் யார் நின்றார்கள் என்று பார்த்ததில்லை.

அவரும் நானும் சேர்ந்து நிறைய நடந்தோம். வேலையில்லாத நாட்களில் எனக்கு அறைக்குள் இருக்க ஏலாது. அவருக்கும் அப்படித்தான். எல்பே ஆற்றங்கரையில் நான் முன்னே போவேன். பின்னாலிருந்து அவருடைய குரல் வரும். அந்தக் குரலில்தான் அவருடைய ஊரை அறிந்தேன். அதன் பெயரை என் நாக்கு பிடிக்கவில்லை. ஊரை மட்டும் என் முதுகு நன்றாகப் பிடித்துவைத்திருக்கிறது.

எப்போதும் பெற்றோல் நிலையத்தில்தான் தொடங்குவார். "பெற்றோல் அடிக்கிற இடத்தைத் தாண்டினால் ஊர்" என்பார். ஒரே ஒரு வீதி. இரண்டு பக்கமும் சீமெந்துக் கடைகள். வீதியோரம் வெளியிலே பில்லியாட் மேசைகள், காற்று அடிக்க அடிக்க இளசுகள் ஆடுவார்கள். மேய்ப்பர்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள், இருக்கையில் கம்பளம் விரித்திருக்கும். வெண்ணெய் விற்க வருகிறவர்கள், மாட்டு வைத்தியரைத் தேடி வருகிறவர்கள், ஒன்றுக்கும் இல்லாமல் வருகிறவர்கள். பகலெல்லாம் வீதியின் நடுவில் படுத்துக்கிடக்கும் நாய்களை லொறிகள் சுற்றிக்கொண்டு போகும். பிறகு சுற்றுமதில் உள்ள பள்ளிக்கூடம். பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள், எல்லாம் ஒரே நிறம். மேய்ச்சல் நிலத்துக்குக் கம்பிவேலி வந்த பிறகு அவருடைய சனங்களையும் அந்த வீடுகளுக்குள் குடியேற்றினார்கள். வீட்டுக்குப் பின்னால் மாடு கட்ட இடமில்லை. அவருடைய தகப்பன் காலையில் எழும்பி, வரிசையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்துவிட்டு வந்து குந்துவாராம்.

அதற்குப் பிறகு ஒரு பாலம். ஆறு அங்கே ஒரே ஆறாக ஓடாது, பின்னல் அவிழ்ந்த தலைமயிர்போலப் பல வாய்க்காலாகப் பிரிந்து கிடக்கும் என்றார். பாலத்தைத் தாண்டினால்தான் புல்வெளி. அவர்களுடைய கறுப்புக் கூடாரம் நின்றது அங்கேதான். மகள் பிறந்ததும் அங்கே.

ஆனால் ஒருநாளும் பாலத்தைத் தாண்ட மாட்டார். நான் எங்காவது போய்ச் சேர்ந்துவிடுவேன், அல்லது அலுத்து நின்றுவிடுவேன். முகத்தைப் பார்த்துக் கேட்போம் என்று திரும்பினால் பேச்சு நின்றுவிடும். மகள் இந்தியாவில், திபெத்துப் பிள்ளைகளுக்கான விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளை இங்கே கூப்பிடுவதற்காகத்தான் அவர் எந்த வேலையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நிரந்தரமான வேலை இருந்தால்தான் கூப்பிடலாம். ஹம்பேர்க் கிடங்கு அவரை நிரந்தரமாக்கவில்லை. பிந்தி வருகிறவரை யார் நிரந்தரமாக்குவான்?

அந்தக் கோடையில் அவரை ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் சனம் முழுவதும் வடத்தைப் பிடிக்க முண்டியடித்தது. நானும் நுழைந்து ஒரு கை போட்டேன். பிறகு பார்த்தால் அவரைக் காணவில்லை. தேருக்குப் பின்னால், நிலத்தில் உருண்டு பிரதட்டை செய்கிறவர்களும் கடந்துபோன பிறகு, வீதி கூட்டும் வண்டிக்கு முன்னால், தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். கையில் யாரோ தவறவிட்ட இரண்டு செருப்பு, ஒரு தண்ணீர்ப்போத்தல், ஒரு குழந்தையின் தொப்பி.

கோயிலடியில் மாம்பழமும் முருங்கைக்காயும் விற்றுக்கொண்டிருந்த அக்கா அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டா.

"உவர் ஆர் தம்பி, நேபாளியோ?"

"திபெத், அக்கா."

"அப்ப சடைமாட்டுக்காரர். இஞ்ச மலைப்பக்கம் ஒரு ஜெர்மன் மனுசி சடைமாடு வச்சிருக்கிறா. கோயிலுக்குச் சாணம் தாறவ."

"சடைமாட்டுச் சாணமோ?"

"விசரே உனக்கு? ஐயர் கொல்லுவார். அவவிட்ட வேற நல்ல மாடும் நிக்குது. ஆக்கள் இல்லாமல் அந்தரப்படுறா. உவர் போவாரோ கேள்."

கேட்டேன். கையில் இருந்த செருப்புகளை மெதுவாகக் கீழே வைத்தார். அடுத்த கிழமையே இரண்டு பேரும் சவர்லாண்ட் மலைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் வேலைக்கு. நான் புல்லு வெட்டுக் காலம் முடியும்வரை என்று சொல்லிக்கொண்டு.

பண்ணைக்காரி அறுபதைத் தாண்டியவ. பெரிய கை, சின்னப் பேச்சு. பால் மாடு கட்டுப்படியாகாமல், ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, சடைமாடு என்கிற யாக் மாடுகளுக்கு மாறினவ. யாக் கத்தாது, தொண்டைக்குள் உறுமும். முதல்நாள் காலை அவர் வேலிக்குள் இறங்கி அதேபோல உறுமினார். தரை தொடும் மயிரோடு நின்ற அத்தனை மாடும் தலையைத் தூக்கின. அவ என்னைப் பார்த்து, "இத்தனை வருஷம் நான் அவைகளோடு ஜெர்மன் பேசிவிட்டேன்" என்றா.

அங்கே அவருக்குப் பொருத்தமான வேலை கிடைத்தது என்றுதான் நினைத்தேன். மாடுகள் முன்னே போகும், அவர் பின்னே போவார். சாணத்தைக் குழிக்குள் தள்ளச் சொன்னால், வட்டமாகத் தட்டித் தொழுவத்தின் வெயில் சுவரில் ஒட்டினார். அவருடைய ஊரில் குளிர்காலம் முழுவதற்கும் அதுதான் விறகாம். வீடு மாதிரி உயர்த்தி அடுக்கிவைப்பார்களாம். பண்ணைக்காரி சுவரைப் பார்த்து முதலில் கத்தினா. பிறகு காய்ந்த ஒன்றை எடுத்து அடுப்பில் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டு போனா.

மந்தையில் ஒரு கிழட்டுப் பசு இருந்தது. ஒரு கொம்பு முறிந்தது. கன்று போடாது. மற்ற மாடுகளோடு ஓடாது. முன்னால் மனிதன் ஒருவன் நடந்தால் மட்டும் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு வரும். கோடை முழுவதும் அது பார்த்தது என்னுடைய முதுகைத்தான். பண்ணை வேலையைக் காட்டி மகளுக்கான விண்ணப்பம் கொடுத்த அன்று அண்ணை அதன் நெற்றியில் வெண்ணெய் பூசி, முணுமுணுத்து, காதில் துளைபோட்டுச் சிவப்பு நாடா கட்டினார். அது இனி விடப்பட்ட மாடு. யாரும் விற்கக்கூடாது, கொல்லக்கூடாது, தானாகச் சாகும்வரை மேயும். அதன் ஆயுள் மகளுக்குச் சேரும்.

"பண்ணைக்கார மனுசியிட்டக் கேட்டனீங்களோ?"

"ஏன் கேக்கிறது? நாடாதான் தெரியுதே. எங்கட ஊரில நாடாவைக் கண்டால் இறைச்சிக்காரனும் கையை எடுத்திடுவான்."

பண்ணைக்காரிக்கும் நாடா தெரிந்தது. நல்ல வடிவாக இருக்கிறது என்றா. பண்ணையைப் பார்க்கச் சனம் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்நாள், கடையில் சிவப்பு நாடா வாங்கிவந்து எல்லா மாட்டுக்கும் கொம்பில் கட்டிவிட்டா.

அதைக் கண்ட அவர் தொழுவத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய் அவவுக்கு முன்னால் குனிந்தார். அவ ஒன்றும் விளங்காமல், "நல்லது, நல்லது" என்று தோளில் தட்டினா.

"முழு மந்தையையும் விட்டிட்டா" என்றார் என்னிடம். கண் நிறைந்திருந்தது. "இப்பிடி ஒரு மனுசி எங்கட ஊரிலயும் இல்லை."

"அண்ணை, அது வாற ஆக்களுக்கு வடிவு காட்ட. வெளிக்கதவில போர்டைப் பாருங்கோ. யாக் இறைச்சி எண்டு போட்டிருக்குது."

"அது பழைய போர்ட். கட்டினது கட்டினதுதான்."

அந்த வருடம் மழை இல்லை. புல் இரண்டாம் வெட்டுக்கு வளரவில்லை. இலையுதிர் தொடங்கியதும் பண்ணைக்காரி வைக்கோல் உருளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றா. காலைச் சாப்பாட்டு மேசையில், கிழடுகளும் இரண்டு இளங்காளைகளும் இறைச்சிக்குப் போகும், நாளைக் காலை வண்டி வரும் என்றா. எங்களிடம் சொல்லும்போதே அவவுக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் குளிர்காலம் கேட்டு வருவதில்லை.

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். யாருக்கும் முடியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று சொன்னார்.

"ஏலாது."

"எது ஏலாது?"

"எல்லாத்துக்கும் நாடா கட்டியிருக்கு. நாடா கட்டினதைக் கொல்லக்கூடாது. நீங்கள்தானே கட்டினனீங்கள்."

விஷயம் அப்போதுதான் அவவுக்கு விளங்கியது. முகம் சிவந்தது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னா: "எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கட்டியிருக்க மாட்டேன். வைக்கோல் இவ்வளவுதான். நீங்கள் வண்டிக்கு முன்னால் நின்றால், நான் உங்களை வைத்திருக்க முடியாது."

"மற்றதுகளை நீங்கள் தெரியாமல் கட்டினீங்கள். அதுகளுக்கு நான் மந்திரம் சொல்லுறன். முறிஞ்ச கொம்பை நான் தெரிஞ்சு கட்டினனான். அதை விடமாட்டன்."

அவரைத் தொழுவத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கத்தினேன். வேலை போனால் விண்ணப்பம் போய்விடும். மகளும் அங்கேயே இருக்கவேண்டியதுதான்.

"ஒரு கிழட்டு மாட்டுக்காக மகளை விடப்போறியளோ?"

"மாட்டை விட்டால்தான் மகளை விட்டமாதிரி."

"நாடாவை அவிட்டு இன்னொண்டில கட்டுங்கோ. வாற வருசம் நிக்கிற ஒண்டில."

என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. என்னுடைய பையைப் பார்ப்பதுபோல இருந்தது. "உங்களுக்கு அவிழ்க்கிறது லேசு" என்றார்.

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க ஏலவில்லை. ஒரு மனிதன் தன் கையாலேயே தன் கதவைப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட பஸ்ஸில் எங்காவது போவது நல்லது. அப்படித்தான் பையைக் கட்டி, கதவைச் சாத்தி, இறங்கினேன். அப்படித்தான் அந்தக் கிழட்டுப் பசு என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் அவர் வந்தார்.

பாதையின் வளைவில் நடைக்குழு ஒன்று ஏறி வந்தது. ஓய்வுபெற்றவர்கள், இரண்டு கையிலும் தடி. யாக் மாட்டைக் கண்டதும் நின்று படம் எடுத்தார்கள். முன்னால் வந்தவன் என்னிடம், "நீங்கள்தான் வழிகாட்டியா?" என்று கேட்டான். பஸ்ஸைத் தேடிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் "ஓம்" என்பதுபோலத் தலையாட்டிவிட்டேன். மேலே காட்டுக்கு எப்படிப் போவது என்றான். பண்ணையைத் தாண்டி என்றேன். குழு போய்விட்டது.

போகாமல் ஒருத்தி நின்றா. சிவப்பு மழைச்சட்டை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் இருந்துவிட்டா.

"அவர்கள் போகட்டும். எப்போதும் நான்தான் கடைசி" என்றா.

பிறகு எழும்பி ஓரடி வைத்தா. அண்ணை பசுவை அவவுக்குப் பக்கத்தில் விட்டார். அவ அதன் முதுகு மயிரைப் பிடித்துக்கொண்டா. பசு நகரவில்லை. அதற்கு முன்னால் ஒரு முதுகு வேண்டும்.

"முன்னுக்குப் போங்கோ அண்ணை" என்றேன்.

அவர் போய் முன்னால் நின்றார். இரண்டடி வைத்தார். திரும்பிப் பார்த்தார். மறுபடி இரண்டடி, மறுபடி திரும்பினார். அவர் திரும்பும்போதெல்லாம் பசுவும் நின்றது. முழங்கால் வலியிலும் அந்த மனுசி சிரித்துவிட்டா. பள்ளத்தில் பஸ் வந்து, ஒருவரையும் ஏற்றாமல், போனது.

நான் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மேலே பார்த்துத் திரும்பினேன். பசு அசைந்தது. பின்னால் அவ, அவவுக்குப் பின்னால் அவர். மெதுவாகப் போனோம், அதுபோல மெதுவாக நான் எந்தப் பாதையிலும் நடந்ததில்லை.

"எனக்குப் பின்னால் ஒருவர் வருகிறார்!" என்று அவ இரண்டு தரம் சொன்னா. முதல்தரம் ஆச்சரியமாக. இரண்டாம்தரம் தனக்குத்தானே.

பண்ணைக்காரி கதவடியில் நின்றா. மாட்டைக் காணாமல் தேடியிருக்கிறா. வாய் திறக்குமுன் சிவப்புச் சட்டைக்காரி கேட்டா:

"இந்த நடைக்கு எங்கே பதியவேண்டும்?"

"எந்த நடை?"

"இதுதான். மாட்டோடு. எங்கள் ஊரில் முழங்கால்காரர்கள் நிறையப் பேர். வேகமாக நடக்கிறவர்களோடு எங்களால் போக முடியாது."

"இது கிழடு. இதைவிட வேகமாக நடக்காது."

"நான் கேட்பதும் அதைத்தானே."

பண்ணைக்காரி முறிந்த கொம்பைப் பார்த்தா. காதில் இருந்த நாடாவைப் பார்த்தா. யோசிக்கும்போது பெரிய கைகளை ஏப்ரனில் துடைக்கிற பழக்கம் அவவுக்கு. நிறைய நேரம் துடைத்தா.

"அந்த ஒன்றுக்கு வைக்கோல் பார்க்கலாம்" என்றா. "ஆனால் முன்னால் யார் நடப்பது? இவர் நடக்கமாட்டார். எனக்குத் தெரியும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பசுவும் பார்த்தது. நான் இன்னும் பையை இறக்கவில்லை.

"நான் ஓரிடத்தில நிக்கிற ஆள் இல்லை அண்ணை. உங்களுக்குத் தெரியும்."

"உங்களை ஆர் நிக்கச் சொன்னது?" என்றார். "நடக்கத்தானே சொல்லுறம்."

மறுநாள் விடிய வண்டி வந்தது. பண்ணைக்காரி, போகவேண்டிய மாடுகளின் கொம்புகளிலிருந்து நாடாக்களைத் தானே அவிழ்த்து, ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டா. அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஒவ்வொரு மாட்டுக்கும் பின்னால் வண்டியின் ஏறுபலகைவரை நடந்தார், முணுமுணுத்துக்கொண்டு. கடைசி இளங்காளை ஏறி, கதவு மூடி, வண்டி வளைவில் மறையும்வரை நின்றார். பிறகும் கொஞ்சநேரம் நின்றார்.

பிறகு பண்ணைக்காரி மின்னும் செம்மஞ்சள் அங்கி ஒன்றை என்னிடம் நீட்டினா. காட்டுப்பாதையில் சைக்கிள்காரர்கள் வருவார்களாம், முன்னால் போகிறவன் தூரத்திலேயே தெரியவேண்டுமாம். கிழமை முடிவில் சனம் வருமுன் பசுவுக்கும் எனக்கும் பாதை பழகவேண்டும் என்றா. அதைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து நடந்தேன். குளம்புச் சத்தம் வந்தது. சப்பாத்துச் சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தது.

காட்டு விளிம்பில் குரல் தொடங்கியது. பெற்றோல் நிலையம். பில்லியாட் மேசைகள். நாய்கள். பள்ளிக்கூட மதில். வரிசை வீடுகள். பாலம் வந்தபோது என் கால் வழக்கம்போல நிற்கப் பார்த்தது. தலை பின்னால் திரும்பப் பார்த்தது. நான் நிற்கவில்லை, திரும்பவுமில்லை. முன்னால் நடப்பதுதான் என் வேலை.

"பாலத்தைத் தாண்டினால்" என்றார் அவர், "இடப்பக்கம் முதலாவது வாய்க்காலடியில…"